பால்டர்ஸ் கேட் 3 சண்டையில் தோற்றுக்கொண்டே இருக்கிறீர்களா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

அக்கா மகன் இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தால் விஷயம் ஒன்றுதான். “மாமா, இந்தப் பகடை என்னையே குறி வச்சு அடிக்குது.” அவனுக்கு முன்னால் அலுவலக நண்பர்கள் இருவர் இதையே சொன்னார்கள். அவர்களுக்கும் முன்னால் நான் சொன்னேன். 2023 ஆகஸ்டில் பால்டர்ஸ் கேட் 3 என்ற இந்தப் பகடை உருட்டும் கம்ப்யூட்டர் கேம் வந்ததிலிருந்து வேறு வேறு குரல்களில் இதே புகாரைக் கேட்டுவருகிறேன். ஸ்கிரீன் ஷேர் போடச் சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் பகடைமேல் தப்பிருக்காது. சொடுக்குவதற்கு முன்பே, அடி விழும் வாய்ப்பு 38% என்று திரையில் எழுதியிருக்கும். அவன் அதைப் பார்த்திருக்க மாட்டான்.

இது முதல் ஆக்டில் (கதையின் முதல் பகுதி), பேலன்ஸ்டு நிலையில் (நடுத்தரக் கடினம்), நான்கு பேர் பார்ட்டியோடு (உங்கள் குழு) தடுமாறுபவர்களுக்கானது. கீழே வரும் கேல் (விசார்ட், மந்திரவாதி), ஷேடோஹார்ட் (கிளெரிக், பூசாரி), லெய்ஸெல் (ஃபைட்டர், போர்வீரர்), அஸ்டாரியன் (ரோக், பதுங்கி அடிப்பவன்), வில் (வார்லாக், இன்னொரு வகை மந்திரவாதி) எல்லோரும் கேமில் கூட வருபவர்கள். உங்களுக்கு நடப்பது எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். சரியாகிவிட்டால் அதோடு நிறுத்திவிட்டு விளையாடப் போங்கள்.

## அறிகுறி 1: அடி விழவே மாட்டேன் என்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்போம்.

முதல் சோதனை: சதவீதம். அடியைத் தேர்ந்தெடுத்து எதிரிமேல் மவுஸை வையுங்கள். சொடுக்க வேண்டாம், படியுங்கள். அங்கே 65% இருந்தால் ஆயுதத்தில் கோளாறு இல்லை. 65% என்றால் மூன்றில் ஒரு அடி தவறும் என்று அர்த்தம். தொடர்ந்து இரண்டு தவறுவதற்கு ஏறக்குறைய எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. நான்கு பேர் ஐந்து சுற்று அடித்தால் அது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 50%க்குக் கீழே தெரிந்தால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

டிஸ்அட்வான்டேஜ் இருக்கிறதா? இருந்தால் பகடை இரண்டு முறை உருண்டு குறைந்த எண் எடுத்துக்கொள்ளப்படும். 65% அப்படியே 42% ஆகிவிடும். புதியவர்களிடம் நான் பார்க்கும் காரணங்கள் இவை:

அம்பெய்யும் வில்லோ ஸ்பெல்லோ (மந்திரம்) வைத்திருப்பவர் பக்கத்தில், 1.5 மீட்டருக்குள், எதிரி நிற்கிறான். தொலைவிலிருந்து அடிக்கும் எல்லா அடிக்கும் இது பொருந்தும், ஃபயர் போல்ட்டும் சேர்த்து. அப்படியே ஓடினால் எதிரிக்கு இலவசமாக ஒரு அடி கிடைக்கும். அதற்குப் பதில் போனஸ் ஆக்ஷனில் (வழக்கமான ஆக்ஷனோடு கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயல்) அவனைத் தள்ளிவிட்டுப் பின்னால் நகருங்கள். அல்லது கைக்கத்திக்கு மாறுங்கள், ஆயுதம் மாற்ற ஆக்ஷன் செலவாகாது. எதிரி சேவ் போட வேண்டிய (தப்பிக்க அவனே பகடை உருட்டும்) ஸ்பெல் கையில் இருந்தாலும் சரி, பக்கத்தில் ஆள் நிற்பது அதைப் பாதிக்காது.

உடம்புக்குப் பொருந்தாத கவசம் அடுத்தது. பளபளவென்று இருக்கிறதே என்று பயிற்சி இல்லாத கவசத்தை மாட்டிவிட்டால் எல்லா அடிக்கும் டிஸ்அட்வான்டேஜ், ஸ்பெல் போடவே முடியாது. “கேலோட ஸ்பெல் எல்லாம் கறுப்பாப் போச்சு, கேம்ல ஏதோ பிழை” என்று ஒருவர் மாலை முழுக்கப் போராடியிருக்கிறார். கழற்றியதும் சரியானது.

அப்புறம் இருட்டு. இருட்டில் பார்க்கும் கண் மனிதர்களுக்குக் கிடையாது. கேல், வில் இருவரும் மனிதர்கள். லைட் ஸ்பெல்லோ ஒரு தீப்பந்தமோ போதும்.

இது எதுவும் இல்லையா? காம்பாட் லாகைத் (சண்டைப் பதிவு) திறந்து தவறிய அடியின் வரிமேல் மவுஸை வையுங்கள். கூட்டல் கழித்தல் கணக்கு முழுவதும் விரியும். தரையில் நின்று மேலே இருப்பவனை அடித்தால் 2 குறையும், மேலே நின்று கீழே அடித்தால் 2 கூடும். இருபது பக்கப் பகடையில் ஒவ்வொரு எண்ணும் 5%. ஆகவே ஏணி ஏறி நிற்பதற்கே 10% கூலி உண்டு.

தப்பான ஆயுதம், தப்பான ஆள். ஷேடோஹார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேம் அவள் கையில் ஃபயர் போல்ட்டைக் கொடுத்துவைத்திருக்கிறது. அது அவள் இனம் வழியாக வந்தது, இன்டெலிஜென்ஸை வைத்துக் கணக்கிடப்படும். அவளுக்கு அது வெறும் 10. விஸ்டம் 17 இருப்பவள் கையில் இன்டெலிஜென்ஸ் ஸ்பெல்லைக் கொடுத்தால் 15% காற்றில் போகும். அடுத்து சேக்ரட் ஃப்ளேம். அதற்கு எதிரி டெக்ஸ்டெரிட்டி சேவ் போடுவான், காப்ளின்களுக்கோ (குட்டி அரக்கர்கள்) அதுதான் பலம். முதல் பத்து மணி நேரம் காப்ளின்களோடுதான் சண்டை என்பதால் பாவம், அவளுக்கு ‘உருப்படாதவள்’ என்ற பெயர் வந்துவிட்டது. முதல் சுற்றில் அவள் பிளெஸ் போடட்டும். மூன்று பேருக்கு ஒவ்வோர் அடியிலும் 1 முதல் 4 வரை கூடும், சராசரியாக 12% அளவுக்கு. பெரிய எதிரி என்றால் கைடிங் போல்ட். அது பட்டால் அவன்மேல் விழும் அடுத்த அடிக்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு உருட்டில் பெரிய எண்.

கேலிடம் மேஜிக் மிஸைல் இருக்கிறது. மூன்று அம்புகள், மூன்றும் தவறவே தவறாது. எதிரிக்கு 4 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) மிச்சம் இருக்கும்போது சதவீதம் பார்த்துக் கவலைப்படுவதை விட இது மேல்.

அஸ்டாரியன் ‘வெறும் 5 டேமேஜ்தான் அடிக்கிறான்’ என்றால் ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் கூடுதல் டேமேஜ்) விழவில்லை. அட்வான்டேஜ் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் குறிவைக்கும் எதிரியை நம் ஆள் ஒருவர் ஒட்டி நிற்க வேண்டும். லெய்ஸெல்லை முதலில் அனுப்புங்கள், அவள் போய்ச் சேர்ந்த பிறகு அஸ்டாரியன் அடிக்கட்டும்.

நான்காம் லெவலுக்குப் பிறகு திடீரென்று தவற ஆரம்பித்ததா? கிரேட் வெப்பன் மாஸ்டர் அல்லது ஷார்ப்ஷூட்டர் என்ற சிறப்புத் திறனை எடுத்திருப்பீர்கள். அடியில் 5 கழித்துக்கொண்டு டேமேஜில் 10 கூட்டும். அதாவது 65% இருந்தது 40%. பாஸிவ் பட்டியலில் அதை அணைத்துவையுங்கள், அட்வான்டேஜ் கிடைக்கும்போது மட்டும் போடுங்கள். அட்வான்டேஜ் இருந்தால் 65% என்பது 88% ஆகிவிடும், அதில் கொஞ்சம் இழந்தால் தாங்கும்.

கடைசிக் காரணம், 100 தங்கம். உங்கள் சொந்தப் பாத்திரத்தின் முக்கிய எண் 14இல் நிற்கிறதா? ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்க்த், ரோக்குக்கு டெக்ஸ்டெரிட்டி, விசார்டுக்கு இன்டெலிஜென்ஸ் என்று ஆளுக்கொன்று உண்டு, அது 16 அல்லது 17 இருக்க வேண்டும். ‘எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கட்டுமே’ என்று சம்பந்தி வீட்டுப் பந்தி மாதிரிப் பரிமாறியிருந்தால் விதர்ஸிடம் போகத்தான் வேண்டும். அவரைப் பற்றிக் கடைசியில்.

செட்டிங்ஸில் கார்மிக் டைஸ் என்று ஒன்று இருக்கும். தொடர்ந்து கெட்ட எண்ணே வராமல் பார்த்துக்கொள்வது. அதைப் போடலாமா அணைக்கலாமா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. 38% அடிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

## அறிகுறி 2: சண்டை தொடங்கியதுமே ஒருவர் விழுந்துவிடுகிறார்

விழுவது கேலா? பேச்சு முடிந்ததும் சண்டை தொடங்கியதா? அப்படியென்றால் காரணம் நிற்கும் இடம். பேசப் போனவர் பின்னால் மற்ற மூவரும் கல்யாண வீட்டு போட்டோவுக்கு நிற்பது போல ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். பேச்சு உடைந்த நொடியில் எல்லோரும் எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில்.

சோதனை இது: சண்டைக்கு முன் சேவ் செய்ததை லோட் செய்யுங்கள். ஜி விசையை அழுத்திப் பார்ட்டியைப் பிரியுங்கள். அம்பெய்பவரையும் ஸ்பெல் போடுபவரையும் மேடான இடத்தில் நிறுத்துங்கள், அடிதாங்கி மட்டும் பேசப் போகட்டும். பேசவே தேவையில்லாத எதிரி என்றால் சி விசையால் பதுங்கி முதல் அடியை நீங்களே கொடுங்கள். எதிர்பார்க்காமல் மாட்டிக்கொண்ட எதிரி தன் முதல் டர்னை (அடிக்கும் முறையை) இழப்பான். ஒரு முழுச் சுற்று இலவசம்.

நிற்கும் இடம் சரியாக இருந்தும் விழுகிறாரா? கவச எண்ணைப் பாருங்கள். கேலுக்குக் காலையில் மேஜ் ஆர்மர் போட்டீர்களா? அது லாங் ரெஸ்ட் (கேம்பில் இரவுத் தூக்கம்) வரை நிற்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. மனிதன் என்பதால் கேல் கேடயம் பிடிக்கலாம். விசார்ட் கையில் கேடயம் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் 2 கூடுகிறது.

எதிரிகள் எப்போதும் முந்திக்கொள்கிறார்களா? இந்த கேமில் வரிசையைத் தீர்மானிப்பது நான்கு பக்கப் பகடை மட்டுமே, அதோடு டெக்ஸ்டெரிட்டி சேரும். ஆகவே டெக்ஸ்டெரிட்டி 8 வைத்தவர் கடைசியில்தான் வருவார். வரிசையில் நம் ஆட்கள் இருவர் அடுத்தடுத்து வந்தால் அவர்களை மாற்றி மாற்றி ஆட்டலாம். முதலாமவரின் டர்னை முடிக்கும் முன் இரண்டாமவரின் படத்தைச் சொடுக்கிப் பாருங்கள்.

விழுந்தவரை எழுப்ப: பக்கத்தில் போய் ஹெல்ப் கொடுத்தால் 1 ஹெச்பியோடு எழுவார், ஆனால் ஓர் ஆக்ஷன் போய்விடும். ஷேடோஹார்ட்டின் ஹீலிங் வர்ட் 18 மீட்டர் எட்டும், போனஸ் ஆக்ஷன் மட்டும் கேட்கும். அதே டர்னில் அவள் அடிக்கவும் செய்யலாம். இரண்டு பேர் பக்கம் பக்கமாக இருந்தால் ஹீலிங் போஷனை அவர்கள் நடுவில் தரையில் எறியுங்கள், சிதறுவது இருவருக்கும் சேரும். குடிப்பதென்றால் அதுவும் போனஸ் ஆக்ஷன்தான். பதினெட்டு போஷனைப் பையில் வைத்துக்கொண்டே செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். “அப்புறம் தேவைப்படும்னு வச்சிருந்தேன் மாமா.”

## அறிகுறி 3: இரண்டாவது சண்டைக்குள் ஸ்பெல் எல்லாம் தீர்ந்துவிடுகிறது

தீர்வது இயல்பு. நீங்கள் தூங்கவில்லை, அதுதான் பிழை.

கதைதான் இங்கே ஏமாற்றுகிறது. தலைக்குள் புழு இருக்கிறது, சில நாளில் மைண்ட் ஃப்ளேயர் என்ற அரக்கனாகிவிடுவாய் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். அதை நம்பிப் புதியவர்கள் தூங்காமல் ஓடுகிறார்கள். அந்தப் புழுவுக்கு நாள் கணக்கு கிடையாது. தூங்காவிட்டால்தான் நஷ்டம், கூட வருபவர்களின் கதைகள் பல கேம்பில் இரவில்தான் நடக்கும். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் கொஞ்சம். தீப்பிடித்து எரியும் வாக்கீன்ஸ் ரெஸ்ட் சத்திரத்துக்குப் போய்விட்டால் அதை முடித்துவிட்டே தூங்குங்கள், இல்லாவிட்டால் காலையில் சாம்பல்தான் மிஞ்சும்.

வரிசையாகச் செய்ய வேண்டியது: ஒரு சண்டை முடிந்ததும் ஷார்ட் ரெஸ்ட். ஒரு லாங் ரெஸ்டுக்கு இரண்டு உண்டு. ஒவ்வொன்றிலும் பாதி ஹெச்பி திரும்பும், வார்லாக் வில்லின் ஸ்பெல்லும் லெய்ஸெல்லின் ஆக்ஷன் சர்ஜும் (கூடுதலாக ஓர் ஆக்ஷன்) திரும்பும். கேலுக்கு ஆர்கேன் ரிகவரி என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது, சண்டைக்கு வெளியே அழுத்தினால் செலவான ஸ்பெல்லில் கொஞ்சம் மீளும். இரண்டும் முடிந்ததும் லாங் ரெஸ்ட், அதற்கு 40 அளவுக்குச் சாப்பாடு வேண்டும். ‘எங்கே போவேன்’ என்று கேட்காதீர்கள். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு நடங்கள், பெட்டி பெட்டியாகக் கிடக்கும். எடுத்ததைக் கேம்புக்கு அனுப்பிவிடலாம், தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

ஸ்பெல் போட்டும் காணாமல் போகிறது என்பது வேறு நோய். கான்சென்ட்ரேஷன் குறியிருக்கும் ஸ்பெல் ஒருவருக்கு ஒன்றுதான். பிளெஸ் போட்ட ஷேடோஹார்ட்டே இன்னொன்றைப் போட்டால் முதலாவது அவிழ்ந்துவிடும். அடி வாங்கினாலும் அவிழலாம். அதனால் பிளெஸ் போட்டவளை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள்.

## அறிகுறி 4: கூட்டம் தாங்கவில்லை

எட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள், ஆளுக்கொரு எதிரியைப் பாதி அடித்து வைத்திருக்கிறீர்கள். பாதி செத்த காப்ளின் முழு பலத்தோடுதான் அடிப்பான். ஒருவனைத் தேர்ந்தெடுங்கள், நால்வரும் அவனையே அடியுங்கள். இது ஒன்றை மாற்றியே அக்கா மகன் பிளைட்டட் வில்லேஜ் என்ற காப்ளின் கிராமத்தைத் தாண்டினான்.

கேலிடம் ஸ்லீப் இருந்தால் ஆரம்ப லெவல்களில் அது தங்கம். மொத்தம் 24 ஹெச்பி வரை உள்ள எதிரிகளை, சேவே கேட்காமல், படுக்கவைக்கும்.

அதுவும் போதவில்லையென்றால் இடத்தைப் பாருங்கள். பாழடைந்த கோவில் வாசலில் நிற்கும் கொள்ளைக்காரர்கள் தலைக்கு மேலே கயிற்றில் ஒரு பெருங்கல் தொங்குகிறது. கயிற்றை அடியுங்கள். பெரிய சிலந்தி வலைமேல் நிற்கும்போது வலையை எரித்தால் பள்ளத்தில் விழும். கதவு குறுகலாக இருந்தால் வாசலில் லெய்ஸெல்லை நிறுத்துங்கள், வரிசையில் வரட்டும்.

காப்ளின் முகாமில் மூன்று தலைவர்களையும் ஒரே சண்டையில் எதிர்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களில் ஒருத்தியான பாதிரி கட் உங்களைத் தனியறைக்குக் கூட்டிப்போவாள், கதவு சாத்தியிருக்கும். வெளியே குடித்துக்கொண்டிருப்பவர்களின் மதுத் தொட்டியில் விஷம் கலக்கலாம். போர் முரசுகளை முன்பே உடைத்துவிட்டால் அதை அடித்து ஆள் கூப்பிட முடியாது. இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா என்று ஒருவர் கேட்டார். காப்ளின்கள் கேட்டார்களா?

## அறிகுறி 5: என் நெருப்பில் என் ஆட்களே எரிகிறார்கள்

குறிவைக்கும்போது வட்டத்துக்குள் யார் பெயர் தெரிகிறது என்று பாருங்கள். நம்மவர் தெரிந்தால் போடாதீர்கள். தரையில் எண்ணெய் இருந்தால் தீப்பொறி தாவும், பீப்பாய் பக்கத்தில் நிற்கவே நிற்காதீர்கள். இரண்டாம் லெவலில் கேலை எவொக்கேஷன் பள்ளியில் சேர்த்தால் அந்தப் பள்ளி ஸ்பெல்கள் நம்மவர்களைச் சுடாது. தொல்லை விட்டது.

## அறிகுறி 6: எதிரிகள் இரண்டே அடியில் எல்லோரையும் முடிக்கிறார்கள்

எதிரிமேல் வலது சொடுக்கு, எக்ஸாமின். அவன் லெவல் என்ன, உங்கள் லெவல் என்ன? அவனுக்கு ஐந்து, உங்களுக்கு மூன்று என்றால் பிழை எதுவும் இல்லை, ஊர் மாறி வந்துவிட்டீர்கள். மலைப்பாதைக்குப் போகும் பாலத்தருகே நிற்கும் கித்யாங்கி இனத்து ரோந்துப்படையிடம்தான் நிறையப் பேர் இப்படி மாட்டுகிறார்கள். அண்டர்டார்க் என்ற நிலத்தடி உலகில் மண்ணைப் பிளந்துகொண்டு வரும் புலெட் என்ற மிருகமும் அப்படித்தான்.

திரும்பிப் போங்கள். தொடக்கத்தில் வரும் ட்ரூயிட் தோப்பைச் சுற்றி இன்னும் பார்க்காத இடங்கள் இருக்கும். புதிய இடத்தைக் கண்டுபிடித்தாலும், பேசியே சண்டையைத் தவிர்த்தாலும்கூட எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்கும். காப்ளின் முகாமின் உள்ளே போக நான்காம் லெவல், அண்டர்டார்க்குக்கு ஐந்து என்பது என் கணக்கு. ஐந்தில் லெய்ஸெல் ஒரே ஆக்ஷனில் இரண்டு அடி அடிப்பாள், கேல் ஃபயர்பால் கற்பான். நேற்று தோற்ற சண்டையே வேறு மாதிரி தெரியும்.

நடுச்சண்டையில் மாட்டிக்கொண்டால் ஒருவராவது எதிரிகளிடமிருந்து விலகி நின்று ஃப்ளீ பொத்தானை அழுத்தட்டும். அவர் கேம்புக்குப் போய்விடுவார். மற்றவர்களை விதர்ஸ் பார்த்துக்கொள்வார்.

## எப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுவது

ஒரே சண்டையில் நான்கு முறை, மேலே சொன்னதையெல்லாம் செய்தும், தோற்றால். அதற்கு முன் கூப்பிட வேண்டாம்.

முதல் மெக்கானிக் விதர்ஸ். தொடக்கத்தில் வரும் பாழ்கோவிலின் கீழே கல்லறையில் படுத்திருப்பார். தவறவிட்டாலும் பிறகு தானாகவே கேம்புக்கு வந்து நிற்பார். 200 தங்கத்துக்குச் செத்தவரை எழுப்புவார். 100 தங்கத்துக்கு யாரை வேண்டுமானாலும் முதல் லெவலிலிருந்து புதிதாகக் கட்டித் தருவார், கூட வருபவர்களையும் சேர்த்து. ஷேடோஹார்ட்டின் டிரிக்கரி டொமைனை (கிளெரிக்கின் உட்பிரிவு) லைஃப் அல்லது லைட்டுக்கு மாற்றுவதுதான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது. சண்டைக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியும். காசைத் திரும்பக் கேட்கலாமா என்றால், அவர் பையில் கைவிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, மெனுவில் எக்ஸ்ப்ளோரர் என்ற எளிய நிலை. சண்டைக்கு முந்தைய சேவிலிருந்து லோட் செய்து, நிலையை இறக்கி, அந்த ஒரு சண்டையை முடித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இதைச் சொன்னால் அக்கா மகன் முகத்தைச் சுளிக்கிறான். நானும் இறக்கியிருக்கிறேன் என்று சொன்னதும் கொஞ்சம் சமாதானமானான்.

மூன்றாவது, தெரிந்த ஆளைக் கூட விளையாடக் கூப்பிடுவது. நான்கு பேர் வரை சேரலாம். அவர் உங்கள் டர்னையும் ஆடித் தரத் தொடங்கினால் மட்டும் உடனே துண்டித்துவிடுங்கள்.

ஹானர் என்ற மிகக் கடினமான நிலையில் தொடங்கியிருப்பவருக்கு இந்தப் பகுதியில் பாதி பொருந்தாது. அங்கே சேவ் ஒன்றுதான், தோற்ற சண்டையை லோட் செய்து திரும்ப ஆட முடியாது. முதல் முறை விளையாடுபவர் அதில் தொடங்கியிருந்தால் மெயின் மெனுவுக்குப் போய், நியூ கேமை அழுத்தி, பேலன்ஸ்டில் மறுபடி கப்பலிலிருந்து ஆரம்பியுங்கள்.